மெலிந்த பந்தயக் குதிரைக்குத் தவிடும் செரிமானப் பொடியும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில், செபராங் பிறையிலிருந்து வாசகர் ஒருவர், தாம் வாங்கியுள்ள ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை விலா எலும்பு தெரியும் அளவுக்கு மெலிந்திருப்பதாகவும், அதன் எடையைக் கூட்ட வழி என்னவென்றும் கேட்டிருந்தார். காலையும் மாலையும் அரிசித் தவிடு கொடுத்து, கடையில் விற்கும் செரிமானப் பொடி ஒன்றையும் அதில் கலந்துவந்தால் இரண்டே மாதத்தில் உடம்பு தேறிவிடும் என்று அவருக்கு விடையளிக்கப்பட்டிருந்தது. பினாங்கில் குதிரை லாயங்களில் தீவனம் அளந்து போடும் வேலையைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில், அந்த விடை நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், நம் ஊர்ப் புல்லோடு அவ்வளவு தவிடு சேரும்போது குதிரை தேறுவதற்குப் பதிலாக எலும்பு கெட்டு இன்னும் இளைக்கக்கூடும் என்பதாலும், செரிமானப் பொடி கடைசியாக யோசிக்க வேண்டிய பொருள் என்பதாலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இக்கேள்வி அந்த ஒரு வாசகரோடு முடிவதன்று. சிங்கப்பூர் கிராஞ்சியில் 2024 அக்டோபர் 5ஆம் நாளோடு குதிரைப் பந்தயம் முடிவுக்கு வந்தது. 1864இல் தொடங்கப்பட்ட பினாங்கு டர்ஃப் கிளப்பிலும் அடுத்த ஆண்டே பந்தயங்கள் நின்றன. பந்தயம் விட்ட குதிரைகள் சவாரிப் பள்ளிகளுக்கும், கடற்கரைச் சவாரிக்கும், தோட்டத்து வீடுகளுக்கும் கைமாறிப் போவது என்றும் உள்ளதே. வாங்குவோரில் நம்மவர்களும் இருக்கிறார்கள். மாடு வளர்த்துப் பழகிய குடும்பங்கள், குதிரையையும் மாட்டைப் போலவே வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணி வாங்குகின்றன. பெரும்பாலான தொல்லைகள் அந்த எண்ணத்தில்தான் தொடங்குகின்றன.

முதலில், குதிரை உண்மையிலேயே எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதை அளந்து பார்க்க வேண்டும். டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் ஹென்னக்கியும் உடன் ஆய்வாளர்களும் 1983இல் வெளியிட்ட 1 முதல் 9 வரையிலான உடல்நிலை மதிப்பெண் முறையே இன்று உலகெங்கும் வழக்கில் உள்ளது. கழுத்து, தோள்மேடு (கழுத்தும் முதுகும் சேரும் மேடு), தோளின் பின்புறம், விலா, இடுப்பு, வால் அடி ஆகிய இடங்களைக் கையால் தடவிப் பார்த்து மதிப்பெண் இட வேண்டும். 1 என்பது மிக மெலிந்த நிலை, 9 மிகக் கொழுத்த நிலை, 5 என்பது நடுத்தரமான, நலமான நிலை. பந்தயத்தில் ஓடும் குதிரை 4 அல்லது 5இல் இருப்பது வழக்கம் என்பதால், விலா இலேசாகத் தெரிந்தாலே நோய் என்று பதற வேண்டியதில்லை. ஒரு மதிப்பெண் கூடுவதற்கு ஏறத்தாழ 20 கிலோ எடை ஏற வேண்டும். எடைமேடை இல்லாதவர்கள் தையல்காரரின் அளவு நாடாவைக் கொண்டே கணக்கிடலாம்: தோள்மேட்டுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எடுத்த அளவைச் சென்டிமீட்டரில் குறித்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பின்தொடை முனை வரையிலான நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். நெஞ்சுச் சுற்று 180, நீளம் 160 என்றால் எடை ஏறத்தாழ 436 கிலோ. இந்த எண்ணில் சிறிது பிழை இருக்கும். ஆனால் ஒரே ஆள், ஒரே நேரத்தில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்தால் எடை ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். கண்ணால் பார்த்து முடிவு செய்கிறவர்கள் வயிற்றைத்தான் பார்க்கிறார்கள். குடற்புழு நிறைந்த குதிரைக்கும் வயிறு பெரிதாகத்தான் இருக்கும்.

அடுத்து, மெலிவுக்குக் காரணம் தேடாமல் தீவனத்தை மட்டும் கூட்டுவது வீண் செலவு. குதிரையின் கடைவாய்ப் பற்கள் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வளர்ந்துகொண்டே தேய்கின்றன; தேய்மானம் சீராக இல்லாவிட்டால் மேல்வரிசையின் வெளிப்புறமும் கீழ்வரிசையின் உட்புறமும் கூர்முனைகள் உண்டாகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். புல்லை மென்று உருண்டையாகக் கீழே துப்புவதும், லத்தியில் நீளமான புல் துண்டுகள் அப்படியே வருவதும் அதற்கு அடையாளம். ஆண்டுக்கு ஒருமுறையாவது வாயைத் திறந்து பிடிக்கும் வாய்க்கட்டை போட்டு, பற்களை உள்ளே வரை பார்த்து, அரம் கொண்டு சமன் செய்ய வேண்டும். குடற்புழுவுக்கு மாதாமாதம் மருந்து கொடுப்பதைவிட, லத்தியை ஆய்வகத்துக்கு அனுப்பி, ஒரு கிராமில் எத்தனை முட்டைகள் உள்ளன என்று எண்ணிப் பார்த்து மருந்து கொடுப்பதே இப்போதைய முறை. பழைய மருந்துகள் சிலவற்றைச் சிறு ஸ்ட்ராங்கைல் புழுக்கள் பொருட்படுத்துவதே இல்லை. குதிரை ஈக்கள் பரப்பும் சர்ரா என்னும் இரத்த ஒட்டுண்ணி நோய் நம் நாட்டில் உண்டு. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வெளிறிய ஈறு, கால் வீக்கம் இவற்றோடு குதிரை உருகிக்கொண்டே போனால் இரத்தப் பரிசோதனை செய்யாமல் தீவன மூட்டையை அவிழ்ப்பதில் பொருளில்லை.

பந்தயக் குதிரைக்கே உரிய இன்னொரு காரணம் இரைப்பைப் புண். பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரைகளில் பெரும்பான்மையானவற்றுக்கு இது இருக்கிறது. மனிதருக்கு உணவு வந்தால்தான் அமிலம் பெருகும். குதிரையின் இரைப்பையோ, உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாள் முழுதும் அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீர், மெல்லும்போது மட்டுமே ஊறும். ஒரு கிலோ உலர்புல்லை மென்று முடிக்கக் குதிரைக்கு ஏறத்தாழ 40 நிமிடம் பிடிக்கும். ஒரு கிலோ ஓட்ஸைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடும். ஆகவே, நிறையத் தானியமும் கொஞ்சம் புல்லும் கொடுத்து, மீதி நேரமெல்லாம் வெறும் வாயோடு கொட்டடியில் நிறுத்தப்பட்ட குதிரைக்குப் புண் வராமலிருந்தால்தான் வியப்பு. தானியத்தைப் பாதியில் விட்டுவிட்டு நகர்வது, வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது கடிக்க வருவது, அடிக்கடி இலேசான வயிற்றுவலி என்பவை ஐயத்தைக் கிளப்ப வேண்டும். நீளமான உள்நோக்குக் குழாயை விட்டுப் பார்த்தால்தான் உறுதியாகும். அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஓமெப்ரசோல் கொண்டு நான்கு வாரம் மருத்துவம் செய்வது வழக்கம். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை குதிரைகளையும் பார்க்கிறது என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகுதான் தீவனப் பேச்சு. அதிலும் முதல் இடம் புல்லுக்கே. குதிரையின் இரைப்பை சிறியது. 8 முதல் 15 லிட்டர் வரைதான் கொள்ளும். சிறுகுடலில் மாவுச்சத்தும் புரதமும் கொழுப்பும் செரித்த பிறகு, எஞ்சிய நார்ச்சத்து முழுவதும் குருட்டுக்குடலுக்கும் பெருங்குடலுக்கும் போகிறது. செரிமான மண்டலத்தின் கொள்ளளவில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது. புளிக்க வைத்த இட்லி மாவுப் பானையைப் போல அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கச் செய்து, குதிரைக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பங்கைக் கொழுப்பு அமிலங்களாக மாற்றித் தருகின்றன. உடல் எடையில் நூற்றுக்கு 1.5 பங்குக்குக் குறையாமல் உலர்ந்த தீவனப்புல் நாள்தோறும் உள்ளே போக வேண்டும். எடை கூட வேண்டிய குதிரைக்கு 2 முதல் 2.5 பங்கு வரை கொடுக்கலாம். 450 கிலோ குதிரை என்றால் நாளொன்றுக்கு 9 கிலோவுக்கு மேல் உலர்புல். வெட்டிய பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீராகவே இருப்பதால், அதே அளவு சத்துக்கு 40 கிலோ அளவில் வேண்டியிருக்கும். சாலையோரத்தில் அறுத்த இரண்டு கட்டுப் புல்லைப் போட்டுவிட்டு வயிறு நிறைந்தது என்று கருதுவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கெடாவிலிருந்தும் செபராங் பிறையிலிருந்தும் மலிவாகக் கிடைக்கும் நெல் வைக்கோல் இதற்கு மாற்றாகாது. அதில் புரதம் மிகக் குறைவு, மணல்சத்து மிகுதி, குடலில் அடைப்புண்டாகும் வாய்ப்பும் உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் ஓட்ஸ் உலர்புல்லும், லூசர்ன் (அல்ஃபால்ஃபா) எனப்படும் தீவனப் பயிராகிய குதிரை மசாலும் விலை கூடியவைதான். என்றாலும், பொடி டப்பாவுக்கு மாதந்தோறும் கொட்டும் பணத்தைக் குதிரை மசாலுக்குத் திருப்பினாலே பாதிச் சிக்கல் தீரும். மசாலில் புரதமும் சுண்ணச்சத்தும் மிகுதியாக இருப்பதால் அது எடைக்கும் உதவுகிறது, இரைப்பை அமிலத்தையும் தணிக்கிறது. நம் ஊர் ஈரப்பதத்தில் கட்டுக்கட்டாக அடுக்கிய உலர்புல் பூசணம் பிடிக்காமல் காப்பது தனிக் கலை. தரையில் படாமல் பலகைமேல் அடுக்கி, காற்றோட்டம் விட்டு, புழுங்கிய நெடி அடிக்கும் கட்டைத் தயங்காமல் ஒதுக்க வேண்டும்.

இனித் தவிட்டுக்கு வருகிறேன். இதைச் சற்று விரித்தே எழுத வேண்டியிருக்கிறது. அரிசித் தவிட்டில் கொழுப்பு மிகுதி, ஆற்றலும் மிகுதி, குதிரையும் விரும்பி உண்ணும். ஆகவே எடை கூட்ட உதவும் என்பது உண்மையே. ஆனால் அதில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 1.6 விழுக்காடு இருக்க, சுண்ணச்சத்தாகிய கால்சியம் 0.1 விழுக்காடு அளவில்தான் இருக்கிறது. 500 கிலோ எடையுள்ள, வேலையில்லாத குதிரைக்கு நாளொன்றுக்குக் கால்சியம் 20 கிராமும் பாஸ்பரஸ் 14 கிராமும் தேவை. இரண்டு கிலோ தவிடு மட்டுமே 32 கிராம் பாஸ்பரசையும் வெறும் 2 கிராம் கால்சியத்தையும் கொண்டுவருகிறது. மொத்தத் தீவனத்தில் பாஸ்பரசைவிடக் கால்சியம் குறையவே கூடாது. பாஸ்பரசைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருப்பது நலம்.

இதோடு புல்லின் குறையும் சேர்கிறது. செட்டேரியா, கினி, நேப்பியர், சிக்னல் போன்ற வெப்பமண்டலப் புற்களில் ஆக்சலேட் என்னும் பொருள் உண்டு. அது சிறுகுடலில் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் லத்தியோடு வெளியே கொண்டுபோய்விடும். மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுவதால் மாடு அதே புல்லைத் தின்று கொழுக்கிறது. குதிரைக்கோ அந்த நுண்ணுயிர்கள் குடலின் கடைசிப் பகுதியில்தான் இருக்கின்றன, அதற்குள் கால்சியம் கைவிட்டுப் போய்விடுகிறது. இரத்தத்தில் கால்சியம் குறையாமல் காக்க உடல் தன் எலும்பையே கரைத்துக் கொடுக்கத் தொடங்கும். இரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். நாளடைவில் குதிரை ஒரு நாள் முன்காலையும் மறுநாள் பின்காலையும் மாற்றி மாற்றி நொண்டும், நடை விறைக்கும், கீழ்த்தாடை தடிக்கும், முகத்தின் இருபுறமும் வீங்கும், பற்கள் ஆட்டம் காணும், மெல்ல வலிப்பதால் தீனி குறையும், மேலும் இளைக்கும். பெருந்தலை நோய் என்று இதைச் சொல்கிறார்கள். இளைத்த குதிரைக்கு மேலும் தவிடு, அதனால் மேலும் இளைப்பு என்ற சுழலில் சிக்கிய குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன்.

தவிட்டை அறவே விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாளொன்றுக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை, அதற்கு ஈடான சுண்ணாம்புக்கல் பொடியோடு, அதாவது கால்சியம் கார்பனேட்டோடு கொடுப்பதில் தவறில்லை. அப்பொடியில் நூற்றுக்கு 38 பங்கு அளவில் கால்சியம் இருக்கிறது, 60 கிராம் பொடி 23 கிராம் அளவில் கால்சியம் தரும். வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பு வேறு பொருள். அது வாயையும் குடலையும் புண்ணாக்கும் என்பதால் அதை எடுக்கக் கூடாது. ஆலையிலிருந்து வந்த தவிட்டில் உள்ள எண்ணெய் சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்குகிறது. வெப்பத்தால் பதப்படுத்திய தவிடே சேமிக்கத் தகுந்தது. கோதுமைத் தவிட்டுக்கும், பாஸ்பரஸ் மிகுந்து கால்சியம் குறைந்திருக்கும் இதே குறை உண்டு. வாரம் ஒருநாள் வெந்நீரில் குழைத்த தவிட்டுக் கூழ் கொடுத்து வயிற்றைச் சுத்தம் செய்வது பழைய லாய வழக்கம். திடீரெனத் தீவனத்தை மாற்றுவதைத் தவிர அதனால் குதிரைக்கு நேர்வது ஒன்றுமில்லை என்பது என் கருத்து.

தவறான தீனியால் குதிரை கெடுவது நம் முன்னோர் காலத்திலும் நடந்ததுதான். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபுக் கரையிலிருந்து பெரும் பொருள் கொடுத்து ஆண்டுதோறும் குதிரைகளை இறக்குமதி செய்தும் அவற்றில் பெரும்பாலானவை நிலைக்கவில்லை என்றும், சோற்றையும் சமைத்த இறைச்சியையும் அவற்றுக்கு ஊட்டினார்கள் என்றும் எழுதிவைத்திருக்கிறார். அவர் எழுதியதில் மிகைப்படுத்தல் இருக்கலாம். ஆனால் மனிதருக்கு நல்லது குதிரைக்கும் நல்லது என்ற நினைப்பு இன்றும் நம்மிடம் இருக்கிறது.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழி மனிதரைப் பற்றியது என்றாலும், தீவனக் கணக்கிலும் பொருந்திவருகிறது. எள்ளில் பாதி எண்ணெய். கொள்ளில் கொழுப்பு மிகக் குறைவு, புரதம் நூற்றுக்கு 22 பங்கு அளவில் இருக்கிறது. முதுகுத் தசை வற்றிய குதிரைக்கு வேகவைத்த கொள்ளு உதவும். வேகவைக்காத கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருப்பதால் பச்சையாகக் கொடுக்கக் கூடாது. சோயாப் புண்ணாக்கு இதைவிடச் செறிவான புரதம்; அதில் தசை வளர வேண்டிய லைசின் மிகுதி. எலும்பின்மேல் கொழுப்புப் படிய வேண்டுமானால் எண்ணெயே சிறந்தது. சோயா அல்லது கனோலா எண்ணெயை நாளொன்றுக்கு 50 மில்லிலிட்டரில் தொடங்கி, மூன்று வாரத்தில் மெல்ல 400 மில்லிலிட்டர் வரை கொண்டுபோகலாம். 250 மில்லிலிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 2,000 கலோரி தருகிறது. 500 கிலோ குதிரையின் அன்றாடத் தேவை ஏறத்தாழ 16,600 கலோரி. எண்ணெய் செரிக்கும்போது உடலில் உண்டாகும் வெப்பம் குறைவு என்பது நம் வெயிலில் கூடுதல் நன்மை. எண்ணெயைக் கூட்டும்போது வைட்டமின் ஈ தேவையும் கூடும். பச்சைப் புல் கிடைக்காத குதிரைக்கு அதைத் தனியே கொடுக்க வேண்டும். பாமாயில் எங்கும் கிடைத்தாலும் அது என் முதல் தேர்வன்று. வடை பொரித்து மிஞ்சிய எண்ணெயைப் பற்றி எழுதவே வேண்டியதில்லை. ஆனால் அதை ஊற்றுவோர் இருக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

தேங்காய்ப் புண்ணாக்கு நம் பகுதிக்கு ஏற்ற நல்ல தீவனம். மாவுச்சத்து மிகக் குறைவு, புரதம் ஐந்தில் ஒரு பங்கு, கொஞ்சம் எண்ணெயும் உண்டு. நன்றாக ஊறவைத்துக் கொடுக்க வேண்டும். பூசண நச்சாகிய அஃப்லாடாக்சின் நிலக்கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் இதிலும் எளிதில் சேரும் என்பதால், மூட்டையைத் திறந்ததும் முகர்ந்து பார்க்காமல் போடக் கூடாது. மக்காச்சோளத்தைப் பச்சையாகப் போட்டால் அதன் மாவுச்சத்தில் பெரும்பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்விடுகிறது. அங்கே அது திடீரெனப் புளித்து, லாக்டிக் அமிலம் பெருகி, நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிந்து, வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் வரலாம். அதனால்தான் ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 1 கிராம் மாவுச்சத்துக்கு மேல் கொடுக்காமலிருப்பதும், தானியம், புண்ணாக்கு போன்ற அடர்தீவனம் ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்டாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரிப்பதும் வழக்கமாயின. எந்தப் புதிய தீவனத்தையும் பத்து நாளுக்குக் குறையாமல் மெல்ல மெல்லப் பழக்க வேண்டும்.

கோழித் தீவனத்தைப் பற்றி ஒரு கடுஞ்சொல் சொல்லியாக வேண்டும். விலை மலிவு, புரதம் கூடுதல் என்று அதைக் குதிரைக்கும் கலந்து கொடுப்போர் உண்டு. கோழிகளின் குடல் நோயைத் தடுக்க அத்தீவனத்தில் மொனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் சேர்க்கப்படுவது பரவலான வழக்கம். கோழிக்கும் மாட்டுக்கும் தாங்கும் அந்த அளவு குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும். பிழைத்தாலும் அக்குதிரை சவாரிக்கு ஆகாது. இதற்கு மாற்று மருந்து இல்லை. கோழித் தீவனம் அரைத்த அதே இயந்திரத்தில் குதிரைத் தீவனத்தை அரைப்பதும் அபாயமே.

செரிமானப் பொடிகளுக்கு இப்போது வருகிறேன். கடைகளில் விற்கப்படுபவை ஒரே வகையல்ல. உயிருள்ள ஈஸ்ட், நன்மை தரும் பாக்டீரியா, அந்தப் பாக்டீரியாவுக்கு இரையாகும் சர்க்கரை வகைகள், செரிமான நொதிகள், அமிலம் தணிக்கும் காரங்கள் என்று பலவற்றையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். இவற்றுள் ஈஸ்டுக்குத்தான் ஓரளவு ஆதாரம் உண்டு. மாவுச்சத்து மிகுந்த தீவனம் உண்ணும் குதிரைகளில் பெருங்குடலில் அமிலம் மிகவும் ஏறாமல் அது தடுப்பதாகவும், நார் செரிப்பது கொஞ்சம் கூடுவதாகவும் ஆய்வுகள் காட்டின. ஆனால் மாவுச்சத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டினாலே அந்தத் தொல்லை எழாது என்பதைப் பொடி விற்பவர் சொல்வதில்லை. பாக்டீரியாப் பொடிகளுக்கு ஆதாரம் இன்னும் வலுவற்றது. கனடாவில் குட்டிகளுக்கு ஒரு லாக்டோபாசில்லஸ் வகையைக் கொடுத்துப் பார்த்து 2005இல் வெளியான ஆய்வில், அது வயிற்றுப்போக்கைத் தடுப்பதற்குப் பதிலாக அதிகமாக்கியது. கடையில் வாங்கிய பொடிகளைச் சோதித்தபோது, சீட்டில் எழுதியிருந்த நுண்ணுயிர் வேறு, உள்ளே இருந்தது வேறு என்பதும், எண்ணிக்கை சொன்னதைவிட மிகக் குறைவு என்பதும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வெளிப்பட்டிருக்கிறது. உயிருள்ள நுண்ணுயிர் வெப்பத்தில் மடியும். தகரக் கூரைக் கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்த டப்பாவில் எவ்வளவு உயிர் மிச்சமிருக்கும் என்று வாங்குவோர் கேட்க வேண்டும்.

தயிரும் மோரும் ஊற்றினால் அதே பயன் கிடைக்கும் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. வளர்ந்த குதிரைக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி மிகக் குறைவு. கொஞ்சம் கொடுத்தால் கெடுதல் இல்லை, பலனும் இல்லை. பூண்டும் வெங்காயமும் வயிற்றுக்கு நல்லது என்று தொடர்ந்து ஊட்டுவது மட்டும் வேண்டாம்; அவை இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும், சோகை பிடித்த குதிரைக்கு எடை எங்கிருந்து ஏறும்? அமிலம் தணிக்கும் பொடிகள் சில மணி நேரத்துக்கு ஆறுதல் தருபவை, புண்ணை ஆற்றுபவை அல்ல. மணலில் நின்று தின்னும் குதிரைக்கு, குடலில் சேரும் மணலை வெளியேற்ற இசப்கோல் உமி பயன்படும். பத்து பெரிங்கி போன்ற கடற்கரைகளில் வேலை செய்யும் குதிரைகளின் லத்தியில் கைப்பிடி எடுத்து ஒரு கண்ணாடிக் குடுவைத் தண்ணீரில் கரைத்துச் சிறிது நேரம் வைத்தால், மணல் அடியில் தங்குகிறதா என்று தெரிந்துவிடும். தங்கினால் தரையில் போடுவதை நிறுத்தித் தொட்டியில் போட வேண்டும். உமியின் அளவை மருத்துவர் சொல்வார்.

நெடுநாள் பட்டினி கிடந்த குதிரைக்கு இதில் எதுவும் முதல் வாரத்தில் பொருந்தாது. அப்படிப்பட்ட குதிரைக்குத் தானியத்தை அள்ளிப் போட்டால் இன்சுலின் திடீரென ஏறி, இரத்தத்திலிருந்த பாஸ்பேட்டும் மக்னீசியமும் உயிரணுக்களுக்குள் இழுக்கப்பட்டு, சில நாளில் இதயமும் மூச்சும் நின்று சாகக்கூடும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆய்ந்து வகுத்த முறைப்படி, முதல் மூன்று நாளும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அரை கிலோ அளவு குதிரை மசால் மட்டும் கொடுத்து, பின்னர்ப் பத்து நாளில் மெல்லக் கூட்ட வேண்டும். உடம்பு முழுதும் தேறப் பல மாதம் ஆகும். மருத்துவர் அருகில் இல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது.

உப்பையும் தண்ணீரையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடல் எடை 100 கிலோவுக்கு 10 கிராம் உப்பு அன்றாடம் வேண்டும். வியர்க்கும் குதிரைக்கு இன்னும் கூடுதல். குளிர்நாட்டிலிருந்து வந்த குதிரைகள் சில, நம் வெப்பத்தில் நாளடைவில் வியர்ப்பதையே நிறுத்திவிடும். வெயிலில் மூச்சிரைத்து, தீனி எடுக்காமல் இளைக்கும். அவற்றுக்கு மின்விசிறியும் நிழலும் அதிகாலை வேலையும்தான் மருந்து.

2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் உரிமையாளர்மீது கடமையைச் சுமத்துகிறது. 2009ஆம் ஆண்டின் விலங்குத் தீவனச் சட்டம் தீவனத்தின் தரத்தைக் கண்காணிக்க இடம் தருகிறது. கால்நடைச் சேவைத் துறை, குதிரைத் தீவனம் பற்றி ஒரு பக்க அளவிலாவது தமிழில் ஒரு துண்டறிக்கை வெளியிட்டால் பலருக்குப் பயன்படும். கூட்டுத்தீவனத்திலும் பொடிகளிலும் கால்சியம், பாஸ்பரஸ் அளவுகளும், நுண்ணுயிரின் பெயரும் எண்ணிக்கையும், காலாவதி நாளும் தெளிவாக அச்சிடப்படாத பொருளை நான் வாங்குவதில்லை.

கேள்வி கேட்ட வாசகர், அந்த விடையைப் படித்துவிட்டு ஏற்கெனவே இரண்டு வேளையும் தவிடு கொடுக்கத் தொடங்கியிருந்தால் அதைத் திடீரென நிறுத்த வேண்டாம். பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து, இன்றிலிருந்தே சுண்ணாம்புக்கல் பொடியைச் சேர்த்து, குறைந்த தவிட்டின் இடத்தில் குதிரை மசாலை வைக்கட்டும். மருத்துவர் வரும் நாளில் பற்களோடு கீழ்த்தாடையையும் இருபுறமும் தடவிப் பார்க்கச் சொல்லட்டும். அவருடைய பார்வைக்குப் படும்படி இக்கடிதத்தை அதே ஞாயிறு பகுதியில் வெளியிடுமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லாயப் பணியாளர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.